கிணற்றில் யாருமில்லை

"உன் மூஞ்சி வராது நைனா. பேரும் வராது. எல்லாம் கையால வரையற படந்தான். வாயத் தொறந்து நடந்தத சொன்னா போதும்."

வசந்த்குமார் லேப்டாப்பை அப்பாவின் பக்கம் திருப்பி வைத்தான். தானியேல் அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். பக்கத்தில் அம்மா பிரிஸ்கில்லா விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்த சொல்றது? பட்டாளத்துல சோறாக்கினேன். அவ்ளோதான்."

இதையே எத்தனை காலம்தான் சொல்வார்? பட்டாளத்தோடு இலங்கைக்குப் போனவர். திரும்பி வந்ததும் வேலையை விட்டுவிட்டு, மானாம்பதியில் கூலிக்கு வரப்பு வெட்டப் போனார். தூக்கத்தில் மட்டும் "கெணத்துல யாருமில்ல சார்" என்று அலறுவார்.

அதைக் கேட்டே வளர்ந்தவன் வசந்த்குமார். இப்போது சென்னையில் அனிமேஷன் வேலை. போரைப் பார்த்தவர்கள் சொல்லாமல் வைத்திருப்பதை வரைந்து காட்டும் ஆவணப்படம் ஒன்றில், அப்பாவின் அலறலையும் ஒரு காட்சியாக வரைந்துவிட்டான்.

"போட்டோ இல்லாததாலதான் வரையறோம். உள்ளயே பூட்டி வெச்சிக்கினு நீ படற பேஜாரு போதாதா?"

படம் ஓடியது. பனையோலை வேலி. கப்பி போட்ட கிணறு. துப்பாக்கியோடு ஒருவன் எட்டிப் பார்க்கிறான். உள்ளே இருட்டில் இரண்டு கண்கள். திரை கறுத்து, ஒரு வெடிச் சத்தம்.

தானியேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்த அழிச்சிடுப்பா."

"அப்ப நீயே சொல்லு. உள்ள இருந்தவங்கள சுட்டுட்டுதான யாருமில்லன்னு சொன்ன?"

கேட்டுவிட்டான். கொலைகாரன் பெற்ற பிள்ளையா நான் என்று மனசுக்குள்ளேயே எத்தனை நாள் புழுங்குவது?

தானியேல் மனைவியைப் பார்த்தார்.

"நைனாவ வுட்டுடுடா," என்றாள் பிரிஸ்கில்லா.

"நீ சும்மா இரும்மா. மிஷன் ஹாஸ்டல்ல வளந்தவ, உனக்கு சண்டையப் பத்தி இன்னா தெரியும்?"

அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப் அருகே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கெணறு தப்பா கீது."

"இன்னா?"

"நம்மூரு மாதிரி கப்பி போட்டு வெச்சிருக்க. அங்க கப்பி கெடையாது. மேல நீட்டுக் கழி, அதுலேர்ந்து கயிறு தொங்கும். துலான்னு சொல்லுவோம்."

"வேணாம் மே," என்றார் தானியேல். குரல் உடைந்திருந்தது.

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

பிரிஸ்கில்லா மகனைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த அந்த இரண்டு கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷன் ஹாஸ்டல்னதெல்லாம் பொய்டா. என்ன இலங்கைக்கே திருப்பி அனுப்பிடுவாங்கன்னுதான் இவரு இம்மாங்காலம் வாயக் கட்டிக்கினு கீறாரு. அந்தக் கயித்தப் புடிச்சிக்கினு கழுத்து வரைக்கும் தண்ணில நின்னது நான்தான்டா. எட்டி என் மூஞ்சியப் பாத்துட்டுதான் உங்க நைனா, யாருமில்ல சார்னாரு."