ஆறாவது கால்

காலைத் திரும்ப மாட்டி மணிக்கணக்காகிறது. கரப்பான் அதைத் தரையில் ஊன்றுவேனா என்கிறது.

கரப்பான் என்பது அந்த இயந்திரத்துக்கு ஆய்வுக்கூடம் வைத்த செல்லப்பெயர். பூனையளவு உடம்பு, ஆறு கால். கரப்பான்பூச்சி நடப்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்தது.

பூச்சிக்கு ஒரு கால் போனால் ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்காராது. மிச்சக் கால்களைக் கொஞ்சம் மாற்றி வைத்துப் போய்க்கொண்டே இருக்கும். இதுவும் அப்படிப் பழகுமா என்று பார்க்கத்தான் போன மாதம் ஒரு காலைக் கழற்றினார்கள்.

பழகிவிட்டது. முதலில் குப்புற விழுந்தது, ஒரே இடத்தில் வட்டமடித்தது, சுவரில் முட்டிக்கொண்டது. பிறகு ஐந்து காலில் ஒரு நடை நடந்தது பாருங்கள், இயந்திரத்துக்கும் வைராக்கியம் உண்டு என்று சத்தியமே செய்யலாம்.

இப்போது வம்பே அந்த வைராக்கியம்தான். போன கால் திரும்பி வந்தும், அதை மடித்து வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஐந்திலேயே போய்வருகிறது.

"அழிச்சுடலாம்க்கா," என்றான் குழுத்தலைவன். வயதில் இளையவன், பதவியில் மூத்தவன். "கத்துக்கிட்டத மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடுவோம். சாயங்காலம் பாக்க ஆளுங்க வராங்க."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆறு காலையும் செய்தவள் அவள். விழுந்து எழுந்து அது கற்றுக்கொண்டதை ஒரு பொத்தானில் அழிப்பதாமே.

"கொஞ்சம் பொறுங்க தம்பி."

காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அதுவும் எதிர்த்து இழுத்தது. தெம்புக்கு ஒரு குறையும் இல்லை. பின்னே ஏன் ஊன்றமாட்டேன் என்கிறது?

ஏன் ஊன்ற வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. வழவழவென்று சமதரை. ஐந்து காலே தாராளம்.

மூலையில் கிடந்த பலகையை எடுத்து, ஒரு முனையைப் பெட்டி மேல் ஏற்றிச் சாய்த்து வைத்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சிரித்தான் தலைவன்.

"இது ஆடணும்னா கூடம் கோணலாத்தான் இருக்கணும்."

கரப்பான் பலகையில் ஏறியது. பாதியில் சறுக்கியது. பிடித்துவிட அவள் கை பறந்தது. அந்தக் கையை மற்றக் கையால் இறுக்கிக்கொண்டாள். பிடித்தால் கெட்டது காரியம்.

மறுபடி ஏறியது. மறுபடி சறுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இதோ கவிழப்போகிறது என்னும்போது மடிந்திருந்த கால் மெல்ல விரிந்தது. பலகையைத் தொட்டதும், சுட்டுவிட்டதுபோல விருட்டென்று உள்ளே போனது. அவள் மூச்சே விடவில்லை.

இன்னொரு தரம் தொட்டது. இந்தத் தரம் எடுக்கவில்லை. ஊன்றி, தள்ளி, உச்சிக்கே போய் நின்றது.

ஆய்வுக்கூடம் முழுக்கக் கைதட்டல். தலைவனுக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க கிளம்புங்கக்கா, இனிமே நாங்க பாத்துக்கறோம். பாப்பாவக் கூப்பிட நேரமாச்சுல்ல?"

கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவள், அங்கேயே நின்று வீட்டுக்கு போன் செய்தாள்.

"எனக்கு இங்க வேலை முடியலைங்க. பாப்பாவ ஸ்கூல்லேருந்து நீங்க கூட்டிட்டு வந்துடுங்க."



குடியை விட்டு, மறுவாழ்வு மையத்திலிருந்து அவள் கணவர் வீடு திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூட அவள் அவரை அனுப்பியதில்லை. ஏதாவது செய்யட்டுமா என்று அவர் கேட்கும்போதெல்லாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். இப்போதெல்லாம் அவர் கேட்பதும் இல்லை.

"நானா?" என்றார்.

"நீங்கதான்."

போனை வைத்தவள் தெருவை எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். ஓடினால் அவருக்கு முன்னால் அவளே போய் நின்றுவிடலாம்.

பையை மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.