கறுப்பு டேப்

எங்கள் இசைக்குழுவின் உயிரே என் காலடியில் இருக்கும் எக்கோ பெடல் என்ற சின்னப் பெட்டிதான். கிதாரைத் தட்டினால், பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் எதிரொலிக்கும். யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று திருகு, விளக்கு எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் மூடிவைத்திருந்தேன்.

எனக்கு ரெக்கார்டிங்காரர்மேல் சந்தேகம். நான் வாசிக்கத் தொடங்கும்போதெல்லாம் ஸ்டூடியோவின் குளியலறையைப் பூட்டிவிட்டு வருகிறார்.

"நம்ம சத்தத்தைத் திருடி வேற குழுவுக்கு விக்கிறான். இன்னிக்கே அவனை அனுப்பிடறேன்" என்றேன், பேஸ் கிதார் வாசிக்கும் தங்கையிடம்.

"சும்மா வாசிண்ணா."

இவளும் கூட்டா? கிதாரைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தேன். கவிழ்த்த வாளிமேல் ஒரு ஸ்பீக்கர், எதிரே மைக்.

"கையும் களவுமா மாட்டினியா?"

அங்கே தங்கை என் கிதாரைத் தட்டினாள். இங்கே ஸ்பீக்கர் பாழுங்கிணறாய் முனகியது.

"சுவத்துல மோதி வர்ற இந்தச் சத்தத்தைத்தான் சார் பாட்டுலயும் உங்க ஹெட்ஃபோன்லயும் சேர்க்கறேன்" என்றார் ரெக்கார்டிங்காரர். "நடுவுல யாராச்சும் தண்ணி ஊத்திட்டா பாட்டு போச்சு. அதான் பூட்டு."

"அப்போ என் பெடல்?"

"முதல் பாட்டுக்கு முன்னாடியே செத்துப்போச்சுண்ணா" என்றாள் தங்கை. "விளக்கை மூடிட்டா எப்படித் தெரியும்?"

"ஏன் சொல்லல?"

"அந்தப் பெட்டிப் பேச்சை எடுத்தாலே எங்களைத் திருடங்கன்னு கத்துவியே!"

பெடலிலிருந்த டேப்பை உரித்தேன். குளியலறைக் கதவின் சாவித்துவாரத்தில் அழுத்தி ஒட்டினேன். வேறு குழுக்காரன் எவனாவது எட்டிப் பார்த்துவிட்டால்?