விடியல் ஏற்றம்

கோடு ஏறத் தொடங்கியது.

இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு மணி எட்டு நிமிடம். மலைமேல் வெயில் இப்போதுதான் விழுகிறது.

இலைப் பனியில் ஒடுங்கிக் கிடக்கும் பாதரசம், முதல் வெயில் பட்டதும் ஆவியாகி எழுகிறது. ஜெபராணி அப்படித்தான் எழுதியிருக்கிறாள். 'விடியல் ஏற்றம்' என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டாள்.

கட்டுரை இன்று ஆய்விதழுக்குப் போகிறது.

லேசரோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவள் இவள். காற்றில் துளி பாதரச ஆவி இருந்தாலும் போதும், அந்த ஒளி பட்டு மினுங்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த அளவுக்குக் கருவியைப் பழக்கியிருந்தாள். ஆனால் இவளுடைய காலைப் பணி முறைகளில் கோடு படுத்த படுக்கைதான். ஐந்து மாதம் முன்பு வந்து சேர்ந்த ஜெபராணிக்குத் தினமும் எழுந்து நிற்கிறது.

"உனக்குக் காட்டாதத அந்தப் பொண்ணுக்குக் காட்டுதே இந்த மலை" என்று போன வாரம் பேராசிரியர் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். இவளும்.

பொறாமைதான். வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை.

அதனால்தான் முறை இல்லாத நாளில் இத்தனை காலையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். எங்காவது ஒரு பிழை இருக்காதா?

கண்ணாடிக்கு அப்பால் மொட்டைமாடி. காற்றை உள்ளே இழுக்கும் குழாயை ஒட்டி ஜெபராணி நிற்கிறாள். இவள் தன் முறையில் ஒருநாளும் அங்கே போனதில்லை. குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்திலேயே இருந்துவிடுவாள். அவளுக்கோ மலையை நேரில் பார்க்க வேண்டும். கையில் வறுத்த பட்டாணி. வெயில் விழுந்ததும் காலைப் பசிக்குத் தினமும் அதுதான்.

கடக் முடக்கென்று கடித்தபடி இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைப்பு பளிச்சிட்டது.

இவள் எழுந்துவிட்டாள்.

அந்த அடைப்பில் பாதி பாதரசம். மெல்லும்போது ஆவி கசியும். வாய்க்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

ஜன்னலைத் திறந்தாள்.

"ஜெபா, கொஞ்சம் அந்த மூலைக்குப் போயேன்."

போனாள். கோடு சரிந்தது.

"சரி, பழைய இடத்துக்கே வா."

வந்தாள். ஏறியது.

மலையாவது, பனியாவது. பட்டாணி!

குதித்து ஆட வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பேராசிரியர் வரட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லலாம். வேண்டாம், இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த முகம் சுருங்குவதை இவள் மட்டும் முதலில் பார்க்க வேண்டும்.

ஜெபராணி உள்ளே வந்தாள். மேஜைமேல் இருந்த கட்டுரையை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, உங்க பேரையும் போட்டிருக்கேன். ரெண்டாவதா. மிஷினப் பழக்குனதே நீங்கதான? அனுப்பிரட்டுமா?"

இவள் தாளைப் பார்த்தாள். மேலே அவள் பெயர். கீழே தன் பெயர்.

இரண்டாவது.

பல்லைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"என் பேர முதல்ல போட்டா என்ன?" என்றுதான் வந்தது.