கொழுத்த நண்டுகள்

"அடேயப்பா! இது நண்டா, ஆமையா?" கூடைக்குள் எட்டிப் பார்த்த ஹெர்மன் வாய்விட்டுச் சிரித்தார். ஆற்றைச் சோதிக்க ஜெயபுரா நகரிலிருந்து வந்த அதிகாரி அவர்.

கலிஸ்தஸுக்குச் சிரிப்பு வரவில்லை. நோஞ்சான் நண்டாகக் கிடைத்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டான்.

அவன் மனைவி அகுஸ்தினா கூடையை இறக்கிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். முழங்கால் வரை கறுப்புச் சேறு அப்பியிருந்தது.

"ஐயா வர்றார், நண்டு புடின்னு நேத்தே சொன்னேன்ல? வீட்டுக்குப் பின்னாடி ஓடுற ஆத்துக்குப் போக, விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்குமா?" என்று கடிந்துகொண்டான் கலிஸ்தஸ்.

"நான் கூப்பிட்டா நண்டு நடந்து வருமாக்கும்!" என்று முறைத்துவிட்டு அவள் சாகோ மாவில் அடை சுடப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஹெர்மன் குரலைத் தாழ்த்தினார்.

"செம்புச் சுரங்கத்துக் கழிவு இந்தக் கழிமுகம் பூரா படிஞ்சு கெடக்குறது எல்லாருக்கும் தெரியும். நீங்க திங்கிற நண்டுல அது ஏறியிருக்கான்னுதான் கேள்வி. ஏறியிருந்தா, ஆத்துல கொட்டுறதை அவங்க நிறுத்தியே ஆகணும். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் மனுமேல் மனுவாகப் போட்டு ரகசியமாக வரவழைத்த ஆள் இவர். சுரங்கத்து ஆட்கள் காதில் விழுந்தால் வம்பு என்று, சோதனையைப் பற்றிக் கலிஸ்தஸ் வீட்டில்கூட மூச்சுவிடவில்லை. கழிவு படிந்த அந்தச் சாம்பல் சேற்றில் கால் வைத்தாலே மகள் யூஸ்தாவுக்கு உடம்பெல்லாம் சொறி. நண்டில் விஷம் இருக்கட்டும் மாதாவே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

ஹெர்மன் நண்டுகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனார். அகுஸ்தினாவுக்கு ஒரே சந்தோஷம்.

மழைக்காலம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது, படகைவிட்டு இறங்கவே இல்லை.

"அத்தனை நண்டும் சுத்தம், கலிஸ்தஸ். ஃபைலை மூடச் சொல்லிட்டாங்க."

"இன்னொரு தடவை பாருங்கய்யா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"மேலிடத்துல முத்திரை வெச்சாச்சு. இனிமே ஆண்டவன்தான் பாக்கணும்."

படகு கண்ணுக்கு மறைந்தது. கலிஸ்தஸ் கரையிலேயே சாம்பல் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். இனி எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? வாய்விட்டு அழுதான்.

சத்தம் கேட்டு ஓடிவந்தாள் அகுஸ்தினா. அவன் விஷயத்தைக் கொட்டித் தீர்த்தான்.

"இந்த ஆத்து நண்டு எப்படிடீ சுத்தமா இருக்கும்?"

அவள் முகம் வெளுத்தது.

"இந்த ஆத்து நண்டா? கழிவு எட்டாத மேற்கால ஓடைக்கு, போக வரவே அரை நாள் துடுப்பு போட்டுப் போயில்ல புடிச்சாந்தேன்... வீடு தேடி வந்தவங்களுக்கு யாராச்சும் இந்தச் சேத்து நண்டைக் குடுப்பாங்களா?"