நோலீன் காரின் உதறல்

“இன்னுமா அந்த கியர்பாக்ஸ்?” என்றாள் ரோண்டா.

“குளிர்ல உதறுது. ஆயில் பார்க்கணும்,” என்றான் அவள் கணவன் டங்கன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே ரான்ஃபர்லி ஊர் முழுக்க உறைபனி. ஒர்க்‌ஷாப் வாசலில் நோலீனின் சின்ன வெள்ளைக் கார் புகை விட்டுக்கொண்டிருந்தது. தெருக்கோடி வீட்டு நோலீன், மடியில் ஒரு தட்டைத் துணி போட்டு மூடிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“ஆயில் சூடானாத்தான் அளவு பார்க்க முடியும். பக்கத்துல நேஸ்பி வரைக்கும் ஓட்டிட்டு வந்துடறோம்.”

டங்கன் ஏறிக் கிளப்பினான். கார் இரண்டு தரம் குலுங்கி, தெருமுனையில் மறைந்தது.

ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனையோ வருஷமாக இந்த ஒர்க்‌ஷாப் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். இரட்டைக் கிளட்ச் வண்டி என்றால் உறைபனியில் ஆயில் கெட்டியாகிக் கொஞ்ச தூரம் குலுங்கத்தான் செய்யும். சூடானதும் தானாகச் சரியாகிவிடும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த ஆயிலை அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும். நோலீன் வண்டிக்குப் போன கோடையில்தான் புது ஆயில் ஊற்றினார்கள். அப்படியிருக்க, மூன்று வாரமாக அந்த வண்டியை இங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் என்ன சோதனை வேண்டிக் கிடக்கிறது?

அவளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும் வாய். ஊர்க் கேக் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து, சொந்த மாமியார் கேக்கையே “உள்ளே வேகலை” என்று சபையில் சொன்னவள். அவள் கடையிலேயே இப்படி ஒரு பித்தலாட்டம்!

டங்கன் திரும்பி வந்தபோது கையில் அந்தத் தட்டு இருந்தது. அது நிறைய சீஸ் ரோல், ரொட்டித் துண்டில் சீஸ் வைத்துச் சுருட்டிப் பொன்னிறமாகச் சுட்டது.

“காசு ஏதும் வாங்கினியா?”

“சேச்சே! இது அவங்களா ஆசையா குடுத்தது.”

“சீஸ் ரோலுக்காக ஒரு வயசான அம்மாவை ஏமாத்தறே. வெக்கமா இல்லே?”

“நான் யாரையும் ஏமாத்தலை.”

“அப்ப வண்டியில என்ன கோளாறு? சொல்லு பார்ப்போம்.”

டங்கன் ஒரு ரோலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“வெண்ணெய் தடவினது. சாப்பிடேன்.”

“நீயே தின்னு.”

அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. ராத்திரி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளும் உறைபனி. ஏதோ பால் லாரி வழியில் நின்றுவிட்டதென்று டங்கன் விடியும் முன்பே போய்விட்டான். வழக்கம்போல நோலீன் தெருவோரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இதுதான் சமயம் என்று ரோண்டா எழுந்தாள்.

“நோலீன், உங்ககிட்ட ஒரு உண்மைய சொல்லியாகணும். உங்க வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. டங்கன் உங்களை ஏமாத்தறான். இந்தாங்க சாவி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

சாவியை நீட்டினாள். கண்ணாடி ஜன்னல் வழியே பனி வெளிச்சம் பளீரென்று அடித்தது. நோலீனும் கையை நீட்டினார். அந்தக் கை சாவிக்கு ஒரு சாண் தள்ளி, காற்றைத் தடவியது.

நீட்டிய சாவியை ரோண்டா மெல்ல இறக்கினாள்.

“கோளாறு வண்டியில இல்லைன்னு எனக்குத் தெரியும் ரோண்டா. என் கண்ணுலதான். புரை. இந்த வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியறதில்லை. ஆபரேஷன் வசந்தத்துலதான் செய்வாங்களாம். அதுவரைக்கும் டங்கன்தான் என்னை வாலஸ்கிட்ட கூட்டிட்டுப் போறான்.”

வாலஸ், நோலீனின் கணவர். நேஸ்பியில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நோலீன் ஊட்டினால்தான் காலைக் கஞ்சி அவர் தொண்டையில் இறங்கும்.

“இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!” என்றாள் ரோண்டா.

“உங்கிட்டயா? என் பொண்ணு கிர்ஸ்டி உன்கூடப் படிச்சவ. என்னைப் பத்தி உன்னைத்தான் கேப்பா. உனக்குத்தான் பொய்யே வராதே. எனக்குக் கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சா, அன்னைக்கே ஆக்லாந்துல இருக்கற அவ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவா. என் மேல அவ்வளவு பாசம் அந்தப் பொண்ணுக்கு. ஆனா வாலஸுக்கு யார் ஊட்டறது?”

திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ரோலை நீட்டினானே அந்த மனுஷன்! அவனை இப்போதே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கல்லா மேல் போன் அடித்தது. எடுத்தால், கிர்ஸ்டி.

“ரோண்டா, அம்மா வீட்டுல போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க. இந்தப் பனியில எங்கே போயிருக்காங்க? எனக்கு என்னமோ சரியாப் படலை. மழுப்பாம சொல்லு. உன்னை விட்டா எனக்கு யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க.”

போனில் கேட்ட குரல் நோலீன் காதிலும் விழுந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ரோண்டா கார் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“உங்க அம்மாவுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காங்க! வண்டிதான் மோசம், கிர்ஸ்டி. குளிர்ல கியர்பாக்ஸ் அப்படி உதறுது. வசந்தம் வர்ற வரைக்கும் தினமும் ஆயிலைச் சூடாக்கிப் பார்க்கணும். இதோ, இப்பக்கூட நானும் அம்மாவும் அதுக்குத்தான் நேஸ்பிக்குக் கிளம்பிட்டிருக்கோம்!”