வரப்பில் ஓர் ஆள் குறைகிறது

ஆடிக் காற்று எந்த நாளில் எந்தப் பக்கமாகப் புகுந்து எவ்வளவு மண்ணை வாரிக்கொண்டு போகும் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே ஓட்டிக் காட்டிவிடும். அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்து மேற்கு வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். நட்ட கன்றுகள் மரமாகும்வரை மனிதர்கள்தான் வேலி.

சொர்ணத்தாயின் தோட்டத்துக்கு நாற்பத்தோரு பேர் வேண்டும் என்றது திரை. எண்ணிப் பார்த்தாள்; தன்னையும் சேர்த்துச் சரியாக இருந்தது.

பிறகு மகன் இசக்கிதுரையைப் பார்த்தாள். கல்யாணமாகி இரண்டே மாதம். ஆடி பிறந்ததும் மருமகள் மதிவதனியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். பையன் சோற்றைப் பிசைகிறானே தவிர, தின்றபாடில்லை.

திரையில் ஆளுக்கொரு புள்ளியாக இருந்த வரிசையிலிருந்து சொர்ணத்தாய் தன் புள்ளியை அழித்தாள். அந்த இடைவெளி வழியே திரையில் செம்மண் சீறிப் பறந்தது. அந்தப் படத்தை அப்படியே சம்பந்தியம்மாளுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

"மைனி, ஓர் ஆள் குறையுது. மண்ணு போற போக்கைப் பாத்தியளா?"

"ஆடியில பிள்ளைய எப்படி மைனி அனுப்ப?"

"வீட்டுக்கா கூப்பிடுதேன்? தோட்டத்துக்குத்தான!"

காற்று வந்த அன்று, இசக்கிதுரைக்குப் பக்கத்து இடைவெளியில் மதிவதனி உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் புழுதி, இருவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

மகளோடு வந்திருந்த சம்பந்தியம்மாள், சோற்றுப் பானையருகே சும்மா நின்ற சொர்ணத்தாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஏன் மைனி வரிசையில உக்காரல?"

"நானும் உக்காந்தா ஓர் ஆள் கூடிரும்லா!"