தலைமையாசிரியரின் காலை

"உள்ளே வரலாமா சார்?"

கணக்கு டீச்சர் ஆசிரியர் அறையின் வாசலில் மூச்சிரைக்க நின்றாள். உலராத கூந்தல் தோளை நனைத்திருந்தது. உள்ளே கூட்டம் தொடங்கியிருந்தது.

"வாங்க மகாராணி! இன்னைக்கும் லேட்டா?" என்றார் தலைமையாசிரியர். "இனிமே இப்படி வந்தா அரைநாள் சம்பளம் கிடையாது. சொல்லிட்டேன்."

அவள் தலைகுனிந்தாள். அவளைப் பார்க்கக் கூசி, மற்ற ஆசிரியர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

"வாழ்க்கையில ஜெயிச்சவங்க எல்லாரும் விடியறதுக்கு முன்னாடி எழுந்தவங்கதான். நானே அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறேன். தியானம், நடை, வாசிப்பு எல்லாம் முடிச்சிட்டு இங்க முதல் ஆளா வந்து நிக்கிறேன். மனசு வெச்சா முடியாதா?"

போன வாரம்தான் பணியில் சேர்ந்திருந்த அறிவியல் ஆசிரியர் உண்மையான வியப்போடு கேட்டார்:

"சமையல், பசங்களைக் கிளப்பறதெல்லாம் யார் சார்?"

"அதெல்லாம் வீட்டுல பார்த்துக்குவாங்க. படுத்த படுக்கையா இருக்கிற எங்க அப்பாவைக் குளிப்பாட்டறதுகூட அவங்கதான்."

"அப்போ அவங்க எப்ப சார் எழுந்திருப்பாங்க?"

இத்தனை ஆண்டுகளில் தலைமையாசிரியர் அதைக் கேட்டதே இல்லை. அறையிலிருந்த அத்தனை கண்களும் வாசலுக்குத் திரும்பின.

"நாலு மணிக்கு," என்றாள் கணக்கு டீச்சர் மெல்ல. "அஞ்சு மணிக்கு சாரை எழுப்பணுமே."

புதியவர் பதறி எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். தான் இன்னும் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தபோது, தலைமையாசிரியருக்கு உடம்பெல்லாம் கூசியது.